பதினான்கு நாள்: பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஒரு பத்தி நீங்கியபோது

2020 பிப்ரவரி 19, புதன்கிழமை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்ற ஊர். மார்மன் சபை அங்கே நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் நன்னடத்தை விதிகளில் அன்று ஒரு பத்தி இல்லாமல் போயிருந்தது. ஒரே பாலினத்தாருக்கு இடையிலான உடலுறவு மட்டுமல்ல, அந்த உணர்வைக் காட்டும் எந்த வகை உடல் நெருக்கமும் விதிமீறல்தான் என்று சொல்லிவந்த பத்தி அது. அதன் இடத்தில் வேறெதுவும் எழுதப்படவில்லை.

மாணவர்கள் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிலர் நன்னடத்தை அலுவலகத்துக்கே போய்க் கேட்டார்கள். தன்பாலீர்ப்பு மாணவர்கள் ஒருவரையொருவர் விரும்பிப் பழகலாமா, கை கோத்து நடக்கலாமா, முத்தமிடலாமா? ஆணும் பெண்ணும் செய்தால் தவறில்லை என்றால் இவர்கள் செய்தாலும் தவறில்லை என்ற பொருளில் பதில் கிடைத்ததாக அவர்களில் பலர் சொன்னார்கள். அன்றே, வளாகத்தில் உள்ள பிரிகாம் யங் சிலைக்கு முன்னால் இரண்டு மாணவிகள் முத்தமிட்டுக்கொண்ட படம் எங்கும் பரவியது.

மார்ச் 4, அதுவும் புதன்கிழமை. சபையின் கல்வித்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுமதி என்று மாணவர்கள் நம்பியது அனுமதி இல்லை என்று அந்தக் கடிதம் சொன்னது.

இடையில் இருந்த பதினான்கு நாளைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. தன்பாலீர்ப்பையும் மார்மன் சபையையும் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சட்டப் போராட்டங்களையும் தற்கொலைகளையும் பற்றி எழுதுகிறார்கள். அதற்கு நியாயம் உண்டு. ஆனால் மார்மன் வளர்ப்புக்கும் ஒருபால் காதலுக்கும் இடையே உள்ள மோதல் உண்மையில் எங்கே கிடக்கிறது என்பது இந்த இரண்டு வாரத்தில் தெரிந்த அளவுக்கு வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

சொர்க்கமே திருமணமாக இருக்கும் சமயம்

முதலில் அந்த வளர்ப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மார்மன்கள் என்று நாம் சொல்பவர்களின் சபைக்கு முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. ப்ரோவோ அதற்குத் தெற்கே ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறது.

மற்ற பல கிறிஸ்தவ சபைகளில் திருமணம் இந்த உலகத்தோடு முடிந்துவிடும். 'மரணம் நம்மைப் பிரிக்கும் வரை' என்பதுதான் அங்கே வாக்குறுதி. மார்மன் ஆலயத்தில் நடக்கும் திருமணம் காலத்துக்கும் நித்தியத்துக்கும் ஆனது. அதற்கு முத்திரிப்பு என்று பெயர். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் இறந்த பிறகும் ஒரே குடும்பமாகத் தொடர்வார்கள். மறுமையில் உள்ள மூன்று உலகங்களில் மேலானதின் உச்ச நிலையை அடைய இந்தத் திருமணம் வேண்டும் என்பது அவர்கள் வேதம். திருமணம் அங்கே மீட்சியின் ஒரு படி.

இந்த வேறுபாட்டைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் திருமணம் வேண்டாம் என்று துறவறம் போகலாம். ஊர் அவரை மதிக்கும், பெற்றோர் பெருமைப்படுவார்கள். மார்மன் மரபில் துறவறமே கிடையாது. மடம் கிடையாது, மணமாகாத குருமார் என்ற வழக்கமும் கிடையாது. உள்ளூர் வார்டு என்ற சபைப் பிரிவை நடத்தும் பிஷப் கல்யாணமான, வேலைக்குப் போகும், பிள்ளைகள் உள்ள ஒரு சாதாரண மனிதர். திங்கட்கிழமை மாலை குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. பன்னிரண்டு வயதை ஒட்டிப் பையன்களுக்குக் குருத்துவப் பொறுப்பு, பதினெட்டு முடிந்தால் மிஷன் என்ற இரண்டு வருட மதப்பரப்புப் பணி, திரும்பி வந்ததும் படிப்பு, படிக்கும்போதே கல்யாணம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 'வசந்தத்துக்குள் மோதிரம்' என்று ஒரு சொல்வழக்கே உண்டு. மணமாகாத இளைஞர்களுக்கென்றே தனி வார்டுகள் நடக்கின்றன. ஆணும் பெண்ணும் சந்தித்துப் பழக வேண்டும் என்பதும் அதன் நோக்கம்.

இப்படி வளரும் ஒரு பையன் தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று பதிமூன்று பதினான்கு வயதில் உணர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு என்ன ஆசை இருக்கும்? ஊரை விட்டு ஓடிப்போகும் ஆசையாக இருக்க வேண்டியதில்லை. ஒருவரோடு வாழ்நாள் முழுக்க வாழ வேண்டும், வீடு வேண்டும், பிள்ளைகள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த ஆசையை அவனுக்கு ஊட்டியது யார்? அவன் சபைதான். தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டியது. தன்பாலீர்ப்புள்ள மார்மன் பிள்ளைகள் காதலையும் துணையையும் இவ்வளவு ஆழமாக விரும்புவது மார்மன் வளர்ப்பு தோற்றுப்போனதால் நடப்பது அல்ல. அந்த வளர்ப்பு அவர்களிடம் முழுமையாக வேலை செய்திருக்கிறது. இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

மூடிய கதவுகள்

சபை இந்தப் பிள்ளைகளுக்கு முன்பு சொன்ன வழிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்திருக்கின்றன.

ஒரு காலத்தில் குணப்படுத்தலாம் என்றார்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலேயே 1970-களில் ஆண்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து ஈர்ப்பை வெறுப்பாக மாற்றப் பார்த்தார்கள். 1976-ல் அதை வைத்து ஒரு முனைவர் பட்ட ஆய்வேடே அங்கே எழுதப்பட்டது. இன்னொரு பக்கம், ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று பிஷப்புகள் சொன்னார்கள். அதை நம்பிப் பல ஆண்கள் கல்யாணம் செய்தார்கள். அவர்களைக் கைப்பிடித்த பெண்களின் வாழ்க்கையும் சேர்ந்து உடைந்தது. 1987-ல் சபைத் தலைமையில் இருந்த கோர்டன் ஹிங்க்லி, திருமணத்தை ஒரு சிகிச்சைபோல நினைக்கக் கூடாது என்று பொதுமாநாட்டில் சொன்னார். அது நல்ல சொல். ஆனால் அதற்குப் பிறகு மிஞ்சியது தனிமை மட்டும்தான்.

ஈர்ப்பு இருப்பது பாவமில்லை, அதன்படி நடப்பதுதான் பாவம் என்பது சபையின் இன்றைய நிலை. 1995-ல் வெளியான குடும்பம் பற்றிய பிரகடனம் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே கடவுள் விதித்தது என்று வரையறுத்தது. 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை நாடெங்கும் சட்டமாக்கியது. அதே வருடம் நவம்பரில் சபை ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஒருபால் திருமணம் செய்தவர்கள் விசுவாச துரோகிகள், அவர்களோடு வாழும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை ஞானஸ்நானம் இல்லை. இது கடவுளின் வெளிப்பாடு என்று ரஸ்ஸல் நெல்சன் 2016 ஜனவரியில் இளைஞர்களிடம் சொன்னார். 2018-ல் அவரே சபைத் தலைவரானார். 2019 ஏப்ரலில் அந்தக் கொள்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

மூன்றரை வருடத்துக்குள் ஒரு வெளிப்பாடு வந்து போனது என்பதை ப்ரோவோவில் படித்துக்கொண்டிருந்த ஒரு தன்பாலீர்ப்பு மாணவர் எப்படிப் பார்த்திருப்பார்? வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது முரணாகத் தெரியலாம். உள்ளே இருந்தவருக்கு அது நம்பிக்கை. மார்மன்களின் கடவுள் இன்னும் பேசுகிற கடவுள். சபைத் தலைவர்தான் அவர்களுக்குத் தீர்க்கதரிசி, அவர் உயிரோடு இருக்கிறார், புதிய வெளிப்பாடு எப்போது வேண்டுமானாலும் வரலாம். பலதார மணத்துக்காகச் சிறைக்குப் போன மக்கள் அவர்கள். 1890-ல் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்ற விதி 1978-ல் ஒரே நாளில் போனது. அப்படியென்றால் இதுவும் மாறலாம்தானே? சபையை விட்டுப் போகாமல் காத்திருந்தவர்கள் இந்தக் கணக்கில்தான் காத்திருந்தார்கள்.

2019 ஏப்ரல் 26 அன்று இன்னொன்றும் நடந்தது. அரசியல் அறிவியல் துறையின் முதல் மாணவராகப் பட்டமளிப்பு விழாவில் பேசிய மேட் ஈஸ்டன், தான் கடவுளின் தன்பாலீர்ப்பு மகன் என்பதில் பெருமைப்படுவதாக மேடையில் சொன்னார். உரையைக் கல்லூரி முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தது. அரங்கம் கைதட்டியது. கடவுளின் பிள்ளை என்பது மார்மன் குழந்தைகள் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று. அதில் ஒரு சொல்லை மட்டும் அவர் சேர்த்தார்.

பத்தி நீங்கிய நாட்கள்

2020 பிப்ரவரியில் விதி ஏன் மாறியது? அதே 19-ஆம் தேதி சபை தன் பொதுக் கையேட்டின் புதிய பதிப்பை வெளியிட்டது. அதோடு ஒத்துப்போகும்படி கல்வி நிறுவனங்களின் நன்னடத்தை விதிகளையும் சுருக்கித் திருத்தினார்கள். சுருக்கும்போது அந்தப் பத்தி போனது. எழுதியவர்கள் மனதில் என்ன இருந்ததோ, படித்தவர்களுக்குக் கிடைத்தது விடுதலை.

பல்கலைக்கழகம் அன்றே டிவிட்டரில் ஒரு குறிப்புப் போட்டது. விதி மாற்றத்தின் பொருள் பற்றித் தவறான தகவல் பரவியிருக்கலாம், விதியின் கோட்பாடுகள் அப்படியேதான் இருக்கின்றன, கேள்விகள் வந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்றது. ஆனால் கூடாது என்று தெளிவாகச் சொல்லவில்லை. கூடும் என்றும் சொல்லவில்லை. இப்படியே இரண்டு வாரம் ஓடியது.

கூடாது என்ற ஒரு சொல்லை அன்று மாலையே சொல்லியிருந்தால் ஏமாற்றம் ஒரு நாளில் முடிந்திருக்கும். சொல்லாததால் மாணவர்கள் வாழத் தொடங்கிவிட்டார்கள். சிலர் முதல்முறையாக ஒருவரோடு வெளியே போனார்கள். பயமில்லாமல் வளாகத்தில் கை கோத்து நடந்தார்கள். வீட்டுக்குப் போன் போட்டு அப்பா அம்மாவிடம் உண்மையைச் சொன்னவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கான மற்ற மாணவர்கள் தினமும் யோசிக்காமல் செய்கிற காரியங்கள்தான் இவை.

அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க ஒவ்வொரு வருடமும் பிஷப்பின் ஒப்புதல் வேண்டும். பிஷப் அதைத் திரும்பப் பெற்றால் வகுப்பு இல்லை, பட்டம் இல்லை, வளாகத்தில் வேலை பார்த்தால் அதுவும் இல்லை. மணமாகாத இளநிலை மாணவர்கள் பல்கலைக்கழகம் அங்கீகரித்த வீடுகளில்தான் தங்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்ததால் குடியிருப்பும் போகும். சபையைவிட்டு முறைப்படி விலகிவிடலாமே என்றால், விலகிய மார்மன் அங்கே படிக்க முடியாது. கத்தோலிக்கராகவோ இந்துவாகவோ சேர்ந்தவர் படிக்கலாம், மார்மனாக இருந்து விலகியவர் படிக்க முடியாது. உறுப்பினர்களின் தசமபாகப் பணத்தில் நடப்பதால் கட்டணம் மிகக் குறைவு. வேறு கல்லூரிக்கு மாறலாம்தான். ஆனால் ஏன் மாறுகிறாய் என்று வீட்டில் கேட்பார்களே.

மற்ற மாணவர்கள் அலுவலகத்தில் புகார் செய்வதும் வழக்கமாக இருந்தது. 2019-ன் தொடக்கத்தில் ஒரு இன்ஸ்டகிராம் பக்கத்தில் அப்படி மாட்டிக்கொண்டவர்களின் அனுபவங்கள் குவிந்தன, ஏப்ரலில் வளாகத்தில் உள்ளிருப்புப் போராட்டமும் நடந்தது. ஆக, கை கோப்பது என்பது அங்கே சின்ன விஷயமே இல்லை. பட்டத்தையும் வீட்டையும் சேர்த்துப் பணயம் வைப்பது அது. பத்தி நீங்கிய நாட்களில்தான் முதல்முறையாக அது வெறும் கை கோப்பதாக இருந்தது.

கடிதத்தில் இருந்த சொல்

மார்ச் 4 கடிதத்தில் கையெழுத்திட்டவர் சபையின் கல்வி ஆணையர் பால் ஜான்சன். ஒருபால் காதல் நடத்தை நித்திய திருமணத்துக்கு இட்டுச் செல்லாது, ஆகவே அது நன்னடத்தை விதியின் கோட்பாடுகளோடு பொருந்தாது என்பது அதன் சாரம்.

நான் இந்த வாக்கியத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். பழைய பத்தி உடலைப் பற்றிப் பேசியது. நீங்கிய பத்திக்குப் பதிலாக வந்த கடிதம் காதலைப் பற்றிப் பேசுகிறது. திருமணத்துக்கு முன் உடலுறவு கூடாது என்பது அந்த வளாகத்தில் எல்லோருக்கும் பொது விதி. அதைத் தன்பாலீர்ப்பு மாணவர்களும் ஒப்புக்கொண்டுதான் சேர்கிறார்கள். அந்தப் பதினான்கு நாளில் அவர்கள் கேட்டது அந்தப் பொது விதிக்குள்ளேயே வாழும் உரிமை. அதாவது பழகிப் பார்ப்பது, கை பிடிப்பது, ஒரு முத்தம். ஆணும் பெண்ணுமாக இருந்தால் பிஷப்பே ஊக்கப்படுத்தும் காரியங்கள் அவை. ஆக, இவர்கள் கற்பு விதியை மீறினார்கள் என்று கடிதத்தால் சொல்ல முடியாது. அது சொன்ன காரணம், இந்தக் காதலுக்குப் போய்ச்சேர இடமில்லை என்பது.

இடமில்லை என்பதும் சபையே தீர்மானித்தது. ஆலயக் கதவைத் திறக்காதவர்களே, இந்தப் பாதை ஆலயத்துக்குப் போகாது என்றும் சொல்கிறார்கள். இதில் உள்ள வலியை வாதமாக்கி ஆற்ற முடியாது. பிள்ளை பிறந்ததிலிருந்து காதலைக் கல்யாணத்தோடும் கல்யாணத்தைக் கடவுளோடும் சேர்த்துக் கட்டிவிட்டு, இருபது வயதில் உன் காதலுக்கு அந்த முடிச்சு பொருந்தாது என்று சொன்னால் அவன் எதை அவிழ்ப்பான்? காதலை அவிழ்த்தால் தனிமை. கடவுளை அவிழ்த்தால் அம்மா அப்பாவோடு இருக்கும் நித்தியமே அறுந்துபோகிறது.

கடிதம் வந்த அன்றே மாணவர்கள் வளாகத்தில் கூடினார்கள். அடுத்தடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். மார்ச் 6 அன்று சால்ட் லேக் சிட்டியில் சபைத் தலைமையகத்துக்கு முன்னால் கூட்டம். வானவில் கொடிகளுக்கு நடுவே அவர்கள் பாடியது சபைப் பாடல்கள். எதிர்ப்பைச் சொல்லக்கூட அவர்களுக்கு வந்த மொழி தங்கள் சபையின் மொழிதான். அதைப் பார்த்த எந்தத் தலைவருக்காவது மனம் கரைந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு வாரம்கூட முழுதாகப் போகவில்லை. கொரோனா வந்தது. மார்ச் நடுவில் வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறின, முடிந்தவர்கள் ஊருக்குப் போகும்படி பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டது. பத்து இருபது நாளுக்கு முன் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டவர்களும், வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோய் வீட்டில் மட்டும் இன்னும் சொல்லாதவர்களும் அப்போது மூட்டை கட்டியிருப்பார்கள். சொன்னதைச் சொல்லாததாக ஆக்க எந்தக் கடிதத்தாலும் முடியாது. ஒரு தடையை நீக்கித் திரும்பப் போட்டால் பழைய நிலையே திரும்பிவிடும் என்று நிர்வாகம் நினைக்கலாம். இடையில் தங்களைக் காட்டிக்கொண்டவர்கள் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது.

இதற்குச் சரியாக இருபது வருடத்துக்கு முன், 2000 பிப்ரவரியில், இதே பல்கலைக்கழகத்தின் மாணவர் செய்தித்தாளில் ஸ்டூவர்ட் மேட்டிஸ் என்பவரின் கடிதம் வெளியானது. அங்கே படித்தவர், மிஷன் பணி முடித்தவர், 32 வயது. தன்னைப் போன்றவர்களை மாணவர்கள் பரிவோடு பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். சிறுவயதிலிருந்தே தன்னை மாற்றும்படி கடவுளிடம் மன்றாடியவர் அவர். அந்த மாதம் முடிவதற்குள் கலிஃபோர்னியாவில் தன் உயிரை முடித்துக்கொண்டார். 2020-ல் மாணவர்கள் கொடியோடு கூட்டமாக நிற்க முடிந்தது. மேட்டிஸுக்குப் பக்கத்தில் நிற்க அன்று அப்படி யாரும் இல்லை. இந்த ஒரு மாற்றத்தை நான் குறைத்து எடைபோட மாட்டேன்.

பிறகு நடந்தவை

2021 மார்ச் 4, கடிதம் வந்து சரியாக ஒரு வருடம். ப்ரோவோவின் கிழக்கே மலைச்சரிவில் பல்கலைக்கழகத்தின் அடையாளமாகப் பிரமாண்டமான வெள்ளை ஒய் எழுத்து ஒன்று இருக்கிறது. மாணவர்கள் இருட்டில் மலையேறி, விளக்குகளைப் பிடித்து அதை வானவில் நிறத்தில் ஒளிரவைத்தார்கள். ஊர் முழுக்கத் தெரிந்தது. முன்கூட்டி அனுமதி தரவில்லை என்று பல்கலைக்கழகம் சொன்னது. பின்னால் வந்த விதியில் அந்த மலையில் ஆர்ப்பாட்டம் செய்யத் தடை சேர்ந்தது.

அதே வருடம் ஆகஸ்டில், சபையின் உயர்தலைமையான பன்னிரு அப்போஸ்தலரில் ஒருவராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்ட் ஆசிரியர்களிடம் பேசினார். சபையின் திருமணக் கோட்பாட்டைக் காக்க இன்னும் கொஞ்சம் துப்பாக்கிச் சத்தம் கேட்க வேண்டும் என்ற உருவகத்தைப் பயன்படுத்தினார். பட்டமளிப்பு மேடையில் மாணவர் ஒருவர் தன் ஈர்ப்பை அறிவித்ததையும் குறைகூறினார். ஈஸ்டனின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த உரையில் அவர் தன்பாலீர்ப்பு மாணவர்களுக்காகக் கண்ணீர் விட்டதாகவும் சொன்னார். இரண்டும் ஒரே உரையில்தான் இருக்கின்றன. அந்தக் கண்ணீரை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் மாணவர்கள் காதில் விழுந்தது துப்பாக்கி.

தன்பாலீர்ப்பு மாணவர்களை இப்படி நடத்துவது பற்றி அமெரிக்க மத்தியக் கல்வித் துறை ஒரு விசாரணை நடத்தியது. சமய நிறுவனங்களுக்குச் சட்டம் தரும் விலக்கு இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு என்று 2022 தொடக்கத்தில் அதை முடித்துக்கொண்டது. சட்டப்படி அது சரி. அதனால்தான் இந்த விஷயத்தை நீதிமன்றக் கண்ணால் மட்டும் பார்த்தால் கையில் ஒன்றும் கிடைக்காது.

2023 ஆகஸ்டில் நன்னடத்தை விதி மறுபடியும் திருத்தப்பட்டது. தூய்மையான வாழ்க்கை என்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணத்துக்கு வெளியே உடலுறவைத் தவிர்ப்பது அடங்கும் என்று முதலில் வருகிறது. அடுத்து, ஒருபால் காதல் நடத்தையைத் தவிர்ப்பதும் அதில் அடங்கும் என்று தனி வாக்கியம். கடிதத்தில் இருந்த அதே சொல் இப்போது விதிக்குள்ளேயே இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள், பெரும்பாலும் பதினெட்டு வயது, தங்கள் பிஷப்பின் அறையில் எதிரே உட்கார்ந்து, இதைக் கடைப்பிடிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அவர்களில் சிலருக்கு அந்த வாக்கியம் தங்களைப் பற்றியது என்று அன்றே தெரியும். சிலருக்கு இன்னும் தெரியாது.